வெளிநாட்டில் வழக்கறிஞராகப் பதிவு செய்ய குட் ஸ்டாண்டிங் சான்றிதழ்: தமிழ்நாட்டு வழக்கறிஞர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லண்டன், டொராண்டோ, கலிபோர்னியா, சிங்கப்பூர் என்று எங்கே போய்த் தொழில் செய்ய நினைத்தாலும், அங்குள்ள அமைப்பு ஒரு கட்டத்தில் இரண்டு கேள்விகளைக் கேட்கும். உங்கள் ஊரில் இன்றைய தேதிக்கு நீங்கள் வழக்கறிஞர் பதிவேட்டில் இருக்கிறீர்களா? உங்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது எடுக்கப்பட்டதா, நிலுவையில் இருக்கிறதா? இதற்கு நீங்கள் பதில் சொன்னால் போதாது. உங்களைப் பதிவு செய்த அமைப்பே எழுதித் தர வேண்டும். அந்த எழுத்துதான் குட் ஸ்டாண்டிங் சான்றிதழ்.

பெரும்பாலும் ஒரே ஒரு பக்கம். தேர்வுக்கு மாதக்கணக்கில் படிக்கிறவர்கள் இந்த ஒரு பக்கத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைத்து, அதனாலேயே ஒரு தேர்வுப் பருவத்தை இழக்கிறார்கள். திறமையுள்ள ஜூனியர்களுக்கு இப்படி நடப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்த ஒருவர் என்ன வரிசையில் போக வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். மற்ற மாநிலங்களில் பதிவு செய்தவர்களுக்கும் சட்டம் ஒன்றுதான், அலுவலக நடைமுறை மட்டும் கொஞ்சம் மாறும்.

யார், எதற்குக் கேட்கிறார்கள்

இங்கிலாந்து மற்றும் வேல்ஸில் சொலிசிட்டர் (அங்குள்ள ஒரு வகை வழக்கறிஞர்) ஆக 2021 செப்டம்பரிலிருந்து எஸ்.க்யூ.இ. தேர்வுதான் வழி. ஏற்கெனவே வழக்கறிஞராக இருப்பவருக்கு அங்கே ஒரு சலுகை உண்டு: புதியவர்களுக்குக் கட்டாயமான இரண்டு ஆண்டுத் தகுதிப் பணி அனுபவம் இவருக்குத் தேவையில்லை. ஆனால் தேர்வில் தேறி, சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் எஸ்.ஆர்.ஏ. அமைப்பிடம் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது சொந்த நாட்டுச் சான்றிதழ் வேண்டும். அங்கே தேர்வு எழுதாமல், பதிவு பெற்ற வெளிநாட்டு வழக்கறிஞராக ஒரு நிறுவனத்தில் சேருகிறவருக்கும் இது தேவைப்படும்.

கலிபோர்னியாவில் இந்தச் சான்றிதழின் மதிப்பு இன்னும் அதிகம். வெளிநாட்டில் சட்டம் மட்டும் படித்துவிட்டு, எங்கும் பதிவு செய்யாதவர் அங்கே பார் தேர்வு எழுத அமெரிக்காவில் கூடுதலாகப் படிக்க வேண்டியிருக்கும். சொந்த நாட்டில் பதிவு செய்து நல்ல நிலையில் தொழில் செய்கிறவர் அந்தப் படிப்பு இல்லாமலே தேர்வு எழுதலாம். அதாவது, எல்.எல்.எம். என்ற முதுநிலைச் சட்டப் படிப்புக்கான பெரும் செலவையே இந்த ஒரு தாள் மிச்சப்படுத்திவிடும். நியூயார்க் அப்படி இல்லை. நம்மூர் வழக்கறிஞர்கள் பலர் அங்கே எல்.எல்.எம். முடித்துவிட்டுத்தான் தேர்வுக்குப் போகிறார்கள். தேறிய பிறகு பதிவுக்கான விண்ணப்பத்தோடு, ஏற்கெனவே பதிவு செய்துள்ள ஒவ்வொரு இடத்திலிருந்தும் சான்றிதழ் தர வேண்டும்.

கனடாவில் நேஷனல் கமிட்டி ஆன் அக்ரெடிட்டேஷன், சுருக்கமாக என்.சி.ஏ., உங்கள் படிப்பையும் அனுபவத்தையும் மதிப்பிடுகிறது. வழக்கறிஞராகப் பதிவு செய்தவர் என்று நீங்கள் சொன்னால், அதற்கான சான்று பார் கவுன்சிலிலிருந்து நேரடியாக வர வேண்டும் என்று கேட்பார்கள். சிங்கப்பூரில் வெளிநாட்டு வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பும், துபாயில் சட்ட ஆலோசகர்களைப் பதிவு செய்யும் அரசுத் துறையும் இதே மாதிரிச் சான்றுகளைக் கேட்கின்றன.

எங்கே வாங்குவது

நிறையப் பேர் தடுமாறுகிற இடம் இது. வெளிநாட்டு விண்ணப்பங்களில் ‘பார் அசோசியேஷன்’ என்ற சொல் அடிக்கடி வரும். அதைப் பார்த்துவிட்டு மெட்ராஸ் பார் அசோசியேஷனுக்கோ, உயர் நீதிமன்ற வழக்கறிஞர் சங்கத்துக்கோ, சொந்த ஊர் சங்கத்துக்கோ போய்க் கடிதம் வாங்கி அனுப்புகிறவர்கள் உண்டு. சங்கக் கடிதம் உங்கள் நடத்தைக்கு ஒரு கூடுதல் சாட்சியாக இருக்கலாம். குட் ஸ்டாண்டிங் சான்றிதழாக அது செல்லாது. சங்கம் என்பது உறுப்பினர் அமைப்பு. பதிவேடு அதனிடம் இல்லை, உங்களைத் தண்டிக்கும் அதிகாரமும் இல்லை.

1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி வழக்கறிஞர் பதிவேட்டை வைத்திருப்பது மாநில பார் கவுன்சில். 22-ஆவது பிரிவுப்படி பதிவுச் சான்றிதழ் தருவதும் அதுவே. 35-ஆவது பிரிவுப்படி புகாரை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்புவதும் அதுவே. ஆகவே சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள பார் கவுன்சில் அலுவலகம்தான் உங்கள் முதல் இடம்.

அமெரிக்க விண்ணப்பங்களில் இன்னொரு சிக்கல் வரும். அங்கே வழக்கறிஞரைப் பதிவு செய்வது நீதிமன்றம். அதனால் ‘உங்கள் மாநிலத்தின் உச்ச நீதிமன்றப் பதிவாளரிடமிருந்து சான்றிதழ்’ என்று படிவத்தில் இருக்கும். இதைப் படித்துவிட்டு உயர் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் காத்துக் கிடக்காதீர்கள். இந்தியாவில் பதிவேடு நீதிமன்றத்தில் இல்லை, சட்டப்படி மாநில பார் கவுன்சிலிடம் இருக்கிறது என்று 17, 22, 35 ஆகிய பிரிவுகளைக் காட்டி அரைப் பக்க விளக்கக் கடிதம் ஒன்றை விண்ணப்பத்தோடு வையுங்கள். பிரிவுகளின் நகலையும் இணைத்துவிடுங்கள். பார்க்கிற அதிகாரி இந்தியச் சட்டம் படித்தவர் இல்லை. அவருக்குப் புரியும்படி சொல்வது நம் வேலை.

உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்யும் தகுதி பெற்ற அட்வகேட் ஆன் ரெக்கார்டாக இருப்பவர்கள் மட்டும், அந்தத் தகுதியையும் விண்ணப்பத்தில் குறிப்பிட்டிருந்தால், அதற்கு உச்ச நீதிமன்றப் பதிவகத்தில் தனியாகச் சான்று வாங்க வேண்டும். வேறு மாநிலத்தில் பதிவு செய்து 18-ஆவது பிரிவின்கீழ் தமிழ்நாட்டுப் பதிவேட்டுக்கு மாறியவர்கள் மாறுதல் ஆணையின் நகலைக் கையில் வைத்திருங்கள். பழைய மாநிலத்தில் இருந்த காலத்துக்கும் சேர்த்துச் சான்று கேட்கப்படலாம்.

முதல் படி: அங்கே என்ன கேட்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்

பார் கவுன்சிலுக்குப் போகும் முன் வெளிநாட்டு அமைப்பின் விதியை அச்செடுத்துக்கொள்ளுங்கள். அதில் இவற்றைத் தேடுங்கள்: சான்றிதழ் எத்தனை நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும், அவர்களே ஒரு படிவம் வைத்திருக்கிறார்களா, உங்கள் கையால் தரலாமா, பார் கவுன்சில் நேரடியாக அனுப்ப வேண்டுமா, ஒழுங்கு நடவடிக்கை வரலாற்றுக்குத் தனிக் கடிதம் வேண்டுமா, அப்போஸ்டில் (ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று வெளிநாட்டுக்காக அரசு தரும் சான்று) வேண்டுமா. தெளிவாக இல்லாவிட்டால் மின்னஞ்சலில் கேட்டு, வருகிற பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

ஒழுங்கு வரலாற்றைப் பற்றிய கேள்வி முக்கியம். ‘பதிவேட்டில் இருக்கிறார்’ என்பது ஒரு சான்று. ‘இவர் மேல் இதுவரை நடவடிக்கை இல்லை, எதுவும் நிலுவையிலும் இல்லை’ என்பது இன்னொன்று. சில அமைப்புகளுக்கு ஒரே தாளில் இரண்டும் இருந்தால் போதும். சில இடங்களில் தனித்தனியாக வேண்டும். முதலிலேயே தெரிந்தால் ஒரே மனுவில் கேட்டுவிடலாம்.

காலக்கணக்கும் இங்கேதான் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் பழைய சான்றிதழை ஏற்காத அமைப்புகள் பல. அதனால் ரொம்ப முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்வதும் வீண். விண்ணப்பம் போய்ச் சேர வேண்டிய தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தபாலுக்கு இத்தனை நாள், அப்போஸ்டிலுக்கு இத்தனை நாள், பார் கவுன்சிலில் கையெழுத்தாக இத்தனை நாள் என்று தாராளமாக ஒதுக்குங்கள். பொங்கல் விடுமுறையும், மே மாத நீதிமன்ற விடுமுறையும், புதியவர்கள் கூட்டமாகப் பதிவு செய்யும் நாட்களும் கணக்கில் இருக்கட்டும்.

இரண்டாம் படி: உங்கள் பதிவு சுத்தமாக இருக்கிறதா

மனு கொடுத்த பிறகு குறை தெரிந்தால் வாரங்கள் போய்விடும். முன்கூட்டியே பாருங்கள்.

2009-10 கல்வியாண்டிலிருந்து சட்டப்படிப்பு முடித்தவர்கள் அகில இந்திய பார் தேர்வு எழுதித் தேற வேண்டும். இந்தத் தேர்வு செல்லும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்துவிட்டதால் இதில் இனி வாதத்துக்கு இடமில்லை. தேர்வு முடித்ததற்கான தொழில் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். பதிவு மட்டும் இருந்து தேர்வு பாக்கி என்றால், ‘தொழில் செய்யத் தகுதியுள்ளவர்’ என்ற வரி சான்றிதழில் வருவது கஷ்டம்.

2015-ஆம் ஆண்டின் சரிபார்ப்பு விதிகளின்கீழ் வழக்கறிஞர்கள் பட்டச் சான்றுகளையும் தொழில் செய்யும் இடத்தையும் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் படிவத்தைக் கொடுக்காமல் விட்டவர்கள் தொழில் செய்யாதோர் பட்டியலில் இருக்க வாய்ப்புண்டு. உங்கள் பெயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பார் கவுன்சிலுக்கு அவ்வப்போது கட்ட வேண்டிய சந்தா பாக்கி இருந்தால் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள்.

அப்புறம், சம்பள வேலை. பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதிகளில் 49-ஆவது விதிப்படி, தொழில் செய்யும் வழக்கறிஞர் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்க முடியாது. அப்படி வேலைக்குச் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, வேலையில் இருக்கும் வரை தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும். கம்பெனிச் சட்டப் பிரிவிலோ வங்கியிலோ வேலை பார்த்துக்கொண்டு இதைச் செய்யாமல் விட்டவர்கள் நிறைய. வெளிநாட்டு விண்ணப்பத்தில் வேலை வரலாறு முழுவதையும் எழுதுவீர்கள். அதில் ‘2019 முதல் 2023 வரை நிறுவன ஊழியர்’ என்றும், சான்றிதழில் ‘பதிவு செய்த நாள் முதல் தொடர்ந்து தொழில் செய்பவர்’ என்றும் இருந்தால், முரண்பாட்டை யாரும் கவனிக்காமல் விடமாட்டார்கள்.

தொழிலை முறைப்படி நிறுத்தி வைத்தவர்களுக்கு இரண்டு வழிகள். வேலையை விட்டுவிட்டால், மீண்டும் தொழில் தொடங்க மனுக் கொடுத்து நிறுத்தத்தை நீக்கிய பிறகு சான்றிதழ் கேட்கலாம். வேலையில் தொடர்ந்தால், ‘தானாக முன்வந்து இன்ன தேதியிலிருந்து தொழிலை நிறுத்தி வைத்திருக்கிறார், தண்டனையாக அல்ல’ என்று சான்றிதழில் எழுதித் தரக் கேட்கலாம். இந்த வாசகத்தை வெளிநாட்டு அமைப்பு ஏற்குமா என்று முன்பே கேளுங்கள். கலிபோர்னியா போல நடப்பில் தொழில் செய்யும் தகுதியை எதிர்பார்க்கும் இடங்களில் இது முக்கியமான வித்தியாசம்.

மூன்றாம் படி: பெயர்

நம்மவர்களின் விண்ணப்பங்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இதில்தான். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். பதிவேட்டில் ‘கே. செந்தில்குமார்’ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப்பெயர் கட்டத்தில் ஏறி ‘செந்தில்குமார் கந்தசாமி’ ஆகியிருக்கும். பட்டச் சான்றிதழில் ‘செந்தில் குமார் கே’ என்று இடைவெளி விட்டு இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். லண்டனில் கோப்பைப் பார்க்கிறவருக்கு மூன்று பேர். பெண்களுக்கு இன்னும் ஒரு அடுக்கு கூடும். கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவின் இனிஷியல் போய்க் கணவரின் இனிஷியல் வந்திருக்கும், பாஸ்போர்ட்டில் முழுப்பெயரே சேர்ந்திருக்கும்.

முதலில் எல்லாச் சான்றுகளையும் மேசையில் பரப்பி, ஆங்கிலத்தில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பிறந்த தேதியையும் அப்பா பெயரையும் சேர்த்துப் பாருங்கள். வித்தியாசம் இனிஷியலை விரிப்பதில் மட்டும் இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, எல்லா வடிவங்களையும் அதில் வரிசையாகக் காட்டினால் பெரும்பாலும் போதும். அதோடு, சான்றிதழில் பதிவேட்டுப் பெயருக்குப் பக்கத்தில் ‘பாஸ்போர்ட்டின்படி’ என்று முழுப்பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் சேர்த்து எழுதித் தர முடியுமா என்று மனுவிலேயே கேளுங்கள். கிடைத்தால், உறுதிமொழிப் பத்திரத்தைவிட அந்த ஒரு வரிக்குத்தான் மதிப்பு அதிகம், ஏனென்றால் அதைச் சொல்வது நீங்கள் இல்லை, பார் கவுன்சில்.

பெயரே மாறியிருந்தால் உறுதிமொழி போதாது. தமிழ்நாடு அரசு எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை மூலம் அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிட்டு, அந்த அரசிதழைக் காட்டிப் பார் கவுன்சில் பதிவேட்டிலும் திருத்த வேண்டும். இதற்கு நாளாகும். வெளிநாடு போகும் எண்ணம் மனதில் முளைத்த அன்றே இதைத் தொடங்கிவிடுவது நல்லது.

நான்காம் படி: மனு

செயலாளருக்கு முகவரியிட்டு எழுதுங்கள். முழுப்பெயர், எம்.எஸ். என்று தொடங்கும் பதிவு எண், பதிவு செய்த தேதி, இப்போதைய முகவரி, எந்த நாட்டில் எந்த அமைப்பிடம் எதற்காக விண்ணப்பிக்கிறீர்கள், எத்தனை அசல்கள் வேண்டும், எப்படி அனுப்ப வேண்டும் என எல்லாம் அதில் இருக்கட்டும். பதிவுச் சான்றிதழ், அடையாள அட்டை, பார் தேர்வுச் சான்றிதழ், பாஸ்போர்ட் ஆகியவற்றின் நகல்கள், புகைப்படம், வெளிநாட்டு அமைப்பின் விதி அச்சிட்ட பக்கம், அவர்களின் படிவம் இருந்தால் அது, இவை இணைப்பு. கட்டணமும் கட்டும் முறையும் மாறக்கூடியவை, அதனால் மனுக் கொடுக்கும் வாரத்தில் அலுவலகத்தில் கேட்டு அதன்படி கட்டுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அசல்கள் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். ஒன்று தபாலில் தொலைந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

மனுவின் நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் நம்பகமான சக வழக்கறிஞர் ஒருவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்து அவரை அனுப்பலாம். சாதாரணக் கடிதம் போதுமா, இந்தியத் தூதரகச் சான்றொப்பத்தோடு வேண்டுமா என்பதை அவர் முதல்முறை போகும்போதே கேட்டுவிட வேண்டும்.

புகார் ஏதாவது இருந்தால்

இதைப் படிக்கிற சிலருக்கு உள்ளுக்குள் பயம் இருக்கும். வழக்கில் எதிர்த்தரப்பில் இருந்தவர் கோபத்தில் கொடுத்த புகார் ஒன்று எப்போதோ வந்திருக்கலாம். அதற்காக விண்ணப்பத்தைக் கைவிட வேண்டாம்.

சட்டத்தில் படிகள் உண்டு. புகார் வந்ததாலேயே ஒழுங்கு நடவடிக்கை தொடங்கிவிடுவதில்லை. முகாந்திரம் இருக்கிறது என்று பார் கவுன்சில் கருதினால்தான் குழுவுக்கு அனுப்பும். குழு புகாரைத் தள்ளுபடி செய்யலாம், கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பெயரையே நீக்கலாம். மேல்முறையீடு பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்கும், பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போகும். மாநிலக் குழு ஒரு வருடத்துக்குள் முடிக்காத வழக்கு 36-பி பிரிவின்படி பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்கு மாறும்.

உங்கள் விஷயம் இதில் எந்தப் படியில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, புகார் எண், தேதி, இப்போதைய நிலை, முடிந்திருந்தால் உத்தரவின் நகல் ஆகியவற்றை வாங்குங்கள். சான்றிதழில் உள்ளபடியே எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு விண்ணப்பத்தில் நீங்களாகவே அதைச் சொல்லி, ஒரு பக்க விளக்கம் இணையுங்கள். பல வெளிநாட்டுப் படிவங்கள் ‘தள்ளுபடியான புகார் உட்பட’ என்று கேட்கும். அதற்கு ‘இல்லை’ என்று எழுதுவதுதான் உண்மையான ஆபத்து. அற்பமான ஒரு புகார் யாரையும் தடுக்காது, ஆனால் அதை மறைத்தது தெரிந்தால் நேர்மை சம்பந்தப்பட்ட பிரச்சினையாகிவிடும். தேர்வில் எத்தனை மதிப்பெண் எடுத்தாலும் அதைத் தாண்ட முடியாது.

2016-இல் தமிழ்நாட்டில் நடந்த வழக்கறிஞர் போராட்டத்தின்போது பார் கவுன்சில் ஆஃப் இந்தியா நூற்றுக்கும் மேற்பட்டவர்களை இடைநீக்கம் செய்தது. அந்தப் பட்டியலில் இருந்தவர்கள், இடைநீக்கம் பின்னால் விலக்கப்பட்டிருந்தாலும், ‘எப்போதாவது இடைநீக்கம் செய்யப்பட்டீர்களா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதி, விலக்கிய உத்தரவையும் சேர்த்து வைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: கைக்கு வந்ததும் படியுங்கள்

உறையில் போட்டு மூடுமுன் ஒரு வரி விடாமல் படியுங்கள். பெயர் எழுத்து, பதிவு எண், பதிவு செய்த நாள், இன்றைக்கும் பதிவேட்டில் இருக்கிறார் என்ற வாசகம், தொழில் செய்யத் தகுதியுள்ளவர் என்ற வாசகம், ஒழுங்கு நடவடிக்கை பற்றிய வாசகம், கொடுத்த தேதி, கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும், முத்திரை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அங்கேயே திருத்தித் தரச் சொல்லுங்கள். ‘நன்னடத்தை உள்ளவர்’ என்று மட்டும் பொதுவாக எழுதிய தாள் பள்ளிக்கூடத்து நடத்தைச் சான்று மாதிரிதான். ஒழுங்கு நடவடிக்கை பற்றி வாய் திறக்காத சான்றிதழைப் பல அமைப்புகள் திருப்பி அனுப்பிவிடும்.

ஆறாம் படி: அனுப்புவது, அப்போஸ்டில்

நேரடியாகத்தான் வர வேண்டும் என்று கேட்கும் அமைப்புக்கு நீங்கள் அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நியூயார்க் தேர்வு வாரியம் வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும்போது ஆவணங்களை அவற்றை வழங்கிய நிறுவனமே அனுப்ப வேண்டும் என்கிறது. கனடாவின் என்.சி.ஏ.யும் அப்படித்தான். இதற்கு முகவரி எழுதிய உறை, உங்கள் கோப்பு எண் குறித்த முகப்புக் கடிதம், தபால் செலவு எல்லாவற்றையும் நீங்களே தயார் செய்து மனுவோடு கொடுத்துவிட்டால் அலுவலகத்துக்கும் சுலபம். முகப்புக் கடிதத்தில் கோப்பு எண் இல்லாவிட்டால் உறை போய்ச் சேர்ந்தும் யாருடையது என்று தெரியாமல் கிடக்கும். ஸ்பீட் போஸ்ட் எண்ணைக் குறித்துக்கொண்டு, போய்ச் சேர்ந்ததும் அந்த அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

அப்போஸ்டில் எல்லோருக்கும் தேவையில்லை. கேட்டால் மட்டும் செய்யுங்கள். அப்போஸ்டிலை ஏற்றுக்கொள்ளும் நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தத்தில் இந்தியா 2005-இல் சேர்ந்தது. சிங்கப்பூர் 2021-இலும், கனடா 2024 ஜனவரியிலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. வெளியுறவு அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்ற முகமைகள் மூலம் சென்னையிலேயே கொடுக்கலாம். அதற்கு முன் மாநில அளவில் சான்றொப்பம் தேவைப்படும். ஐக்கிய அரபு அமீரகம் ஒப்பந்தத்தில் இல்லாததால் துபாய்க்குப் போகும் சான்றிதழுக்கு அமைச்சகச் சான்றொப்பத்துக்குப் பிறகு அந்த நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பமும் வேண்டும். அசல் சான்றிதழில் அப்போஸ்டில் வாங்குங்கள். நோட்டரி கையெழுத்திட்ட நகலில் வாங்கினால், அது நோட்டரியின் கையெழுத்தை மட்டும்தான் உறுதி செய்யும், பார் கவுன்சில் கையெழுத்தை அல்ல.

காவல்துறை நன்னடத்தைச் சான்று இதிலிருந்து வேறானது. அது பாஸ்போர்ட் சேவை மூலம் வாங்குவது. இரண்டும் கேட்கப்பட்டால் இரண்டையும் தனித்தனியாகத்தான் வாங்க வேண்டும்.

அங்கே பதிவான பிறகு

அங்கே தொழிலில் சேர்ந்த பிறகும் இந்தச் சான்றிதழ் மறுபடி தேவைப்படலாம். வேறு மாகாணத்துக்கு மாறும்போது, வெளிநாட்டு வழக்கறிஞர் பதிவைப் புதுப்பிக்கும்போது மறுபடியும் கேட்பார்கள். அதனால் இங்குள்ள முகவரியையும் சந்தாவையும் நடப்பில் வைத்திருங்கள். வெளிநாட்டு நிறுவனத்தில் முழுநேரச் சம்பளத்தில் சேர்ந்தால், மேலே சொன்ன 49-ஆவது விதி ஞாபகம் இருக்கட்டும். குடியுரிமையை மாற்றிக்கொள்ளும் நாள் வந்தால் இன்னும் கவனம் தேவை. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-ஆவது பிரிவுப்படி பதிவு செய்ய இந்தியக் குடியுரிமை வேண்டும். வெளிநாட்டவருக்கு, அவரது நாடு இந்தியர்களுக்கு அதே உரிமையைத் தந்தால் மட்டுமே விதிவிலக்கு. குடியுரிமை மாறியதைப் பார் கவுன்சிலுக்குத் தெரிவிக்காமல், பழைய பதிவு எண்ணை வைத்துப் புதிய சான்றிதழ் கேட்காதீர்கள். மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, அதுவரை நல்ல நிலையில் இருந்ததற்கான சான்றை அப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.